ஒட்டவைத்த கொம்புகள்

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் படங்களுக்குச் சட்டம் போட்டுத் தரும் கடைகளில் பெரும்பாலும் ஒரு மான் நிற்கும். பின்னால் பனிமலை, முன்னால் ஏரி, தலைக்கு மேல் மரக்கிளைபோல விரிந்த கொம்புகள். இந்தியக் காடுகளில் இல்லாத எல்க் மான் அது. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதிக்கு நடுவே வாழ்பவர்கள், சுவரிலாவது சற்றுப் பசுமை இருக்கட்டும் என்று அதை வாங்குவதில் நாம் குறைகாண வேண்டியதில்லை. பழைய ஸ்டுடியோக்களில் திரையில் தீட்டிய அருவிக்கு முன் நின்று படமெடுத்துக்கொண்டவர்கள் யாரும் குற்றாலத்துக்குப் போய்வந்ததாகச் சாதித்ததில்லையே!

அதே படம் "காட்டில் எடுத்தது" என்ற உறுதிமொழியுடன் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்க வேட்டையாடிகளிடையே கொம்பின் அளவே கௌரவம். 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் கொம்புகளை அங்குலக் கணக்கில் அளந்து மதிப்பெண் தருகிறது. அளவுக்கு மதிப்பு வந்துவிட்டால், கணினியில் அதைப் பெருக்கும் ஆசையும் பின்னாலேயே வந்துவிடும்.

ஆனால் இயற்கை எளிதில் ஏமாறுவதில்லை. எல்க் மானின் கொம்பு ஆண்டுதோறும் வசந்தத்தையொட்டி உதிர்ந்து, மென்தோல் போர்த்தி மறுபடி வளர்வது. மே மாதத் தளிர்களுக்கு நடுவே முற்றிய கொம்புடன் ஓர் எல்க் நின்றால் ஐயுறலாம். இடக்கொம்பும் வலக்கொம்பும் கண்ணாடிப் பிம்பம்போல அச்சாக ஒத்திருந்தாலும் அப்படியே. ஒன்றை நகலெடுத்துத் திருப்பி ஒட்டியிருக்கக்கூடும். நம் கிண்டியிலேயே இந்தப் பாடம் உண்டு. அங்குள்ள புள்ளிமானின் கொம்பு உதிரும்; இரலையின் முறுக்கிய கொம்பு உதிராது. இரண்டையும் தமிழில் கொம்பு என்றே சொல்லிவிடுகிறோம்.

ஸ்வீடனில் 2010ஆம் ஆண்டின் இயற்கைப் புகைப்படக் கலைஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டெர்யே ஹெல்லசோ சிக்கியதும் இவ்வாறுதான். ஜூலையில் எடுத்ததாகச் சொல்லப்பட்ட படத்தில் லின்க்ஸ் பூனைக்குக் குளிர்கால ரோமம் இருந்தது. பிற இடங்களிலிருந்து விலங்குகளை எடுத்து ஒட்டியதை 2011இல் அவர் ஒப்புக்கொண்டார்.

இது விலங்குகளோடு நிற்பதில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிடும் படமொன்றை மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சி ஒட்டப்பட்டது என்று வெளிப்பட்டதும் படத்தை நீக்கி வருத்தம் தெரிவித்தது. வெள்ளம் உண்மை, பயணமும் உண்மை. பொய்யே தேவைப்படாத இடத்தில் ஒரு பொய்!

எண்ணூரை நினைக்கும்போது இதன் கனம் புரிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகுகளிலும் வலைகளிலும் கரிய பிசுக்கு அப்பிக்கொண்டது. சிறகெல்லாம் எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களின் படங்கள் நாடெங்கும் சென்றன. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. தொழிற்சாலைகளின் வேலிக்கு வெளியே நிற்கும் மீனவரிடம் பரிசோதனைக்கூடம் இல்லை. கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு கைபேசிப் படம்தான்.

ஒவ்வொரு போலிப் படமும் அந்தக் கைபேசிப் படத்தின் மதிப்பைக் கொஞ்சம் குறைக்கிறது. "இதுவும் கணினியில் செய்ததுதானே?" என்று கேட்க, பொறுப்பேற்க விரும்பாதவருக்கு வசதியாகிவிடுகிறது. சொற்களைச் சொன்னாலே படத்தை வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்த வசதி பன்மடங்கு பெருகியிருக்கிறது.

ஆகவே கற்பனை மானைச் சுவரில் மாட்டுவோம், தவறில்லை. வெளியிடுபவர்கள் அது இணைத்துச் செய்யப்பட்டது என்று ஒரு வரி எழுதட்டும். எண்ணூரில் படமெடுப்பவர்கள் நாளையும் இடத்தையும் குறித்து, திருத்தாத மூலக்கோப்பைப் பத்திரப்படுத்தட்டும். கூழைக்கடாவின் சிறகிலிருந்த எண்ணெய்க்கு அதைவிட வலுவான சாட்சி அவர்களிடம் இருக்கப்போவதில்லை.