ஆறு சிலிண்டர் இனி யாருக்கு?

பெருஞ்செல்வர் ஏறிச் செல்லும் கார்களில் எத்தகைய எஞ்சின் இருக்கும் என்று உலகம் கவலைப்பட வேண்டியதில்லை. அவர்கள் கேட்டதைச் செய்து கொடுக்க எக்காலத்திலும் ஆள் உண்டு. மாதச் சம்பளம் பெறும் ஒருவர் சில ஆண்டுகள் சேமித்து வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் காரிலும் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று இருந்ததே, அதுதான் வியப்புக்குரியது. சென்ற நூற்றாண்டின் கார்த் தொழில் செய்த நல்ல காரியங்களுள் அதனையும் ஒன்றாகச் சேர்க்கலாம். அந்தக் கதவு இப்போது சிறிது சிறிதாக மூடப்பட்டு வருகிறது. 1964இல் 2,368 டாலர் விலையில் ஆறு சிலிண்டரோடு பிறந்த ஃபோர்டு மஸ்டாங், 2017ஆம் ஆண்டு மாதிரியோடு அதனைக் கைவிட்டது. செவ்ரோலெட் கமாரோ 2024ஆம் ஆண்டு மாதிரியோடு தானே மறைந்தது. 2019இல் மீண்டு வந்த டொயோட்டா சுப்ராவின் அமெரிக்க விற்பனை 2026ஆம் ஆண்டு மாதிரியோடு முடிவதாக அறிவிக்கப்பட்டது. மிச்சமிருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஆறில் என்று கேட்கத் தோன்றும். கணக்குப் பாடம் நடத்திப் பழகியவனுக்கு இதனை விளக்குவதில் தனி மகிழ்ச்சி உண்டு. சாதாரணக் காரின் நான்கு வீச்சு எஞ்சினில், கிராங்க் தண்டு இரண்டு முறை சுழன்று முடிவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை எரிந்து ஆற்றல் தருகிறது. இரண்டு சுழற்சி என்பது 720 பாகை. நான்கு சிலிண்டராயின் 180 பாகைக்கு ஒரு வெடிப்பு. ஒன்றின் தள்ளுதல் ஓய்ந்து முடியும் இடத்தில்தான் அடுத்தது தொடங்குகிறது. ஆறு சிலிண்டராயின் 120 பாகைக்கு ஒன்று. முந்தையது ஓயுமுன்னரே அடுத்தது கை கொடுத்துவிடுகிறது. ஆகவே ஆற்றல் அறுபடாமல் வருகிறது.

அதைவிடப் பெரிய சிறப்பு அதிர்வைப் பற்றியது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் மேலே போகும்போது இரண்டு கீழே வருகின்றன. இருபுறமும் சமமாகிவிட்டது போலத் தோன்றும், ஆனால் ஆகவில்லை. பிஸ்டனைத் தாங்கும் தண்டு சாய்ந்து சாய்ந்து இயங்குவதால், பிஸ்டன் தன் பாதையின் மேற்பாதியைச் சற்று விரைவாகவும் கீழ்ப்பாதியைச் சற்று மெதுவாகவும் கடக்கிறது. மேலே போவனவும் கீழே வருவனவும் ஒன்றையொன்று முற்றாக ஈடு செய்வதில்லை. அந்த மிச்சம் ஒவ்வொரு சுழற்சிக்கும் இருமுறை எஞ்சினைக் குலுக்குகிறது. இதனை அடக்க, எதிர்த்திசையில் சுழலும் சமன்தண்டுகளை வைக்கலாம். இங்கிலாந்தின் லான்செஸ்டர் முன்பே கண்ட இம்முறையை 1970களில் மிட்சுபிஷி நிறுவனம் மெருகேற்றியது. நம் நாட்டின் முதல் புரோட்டோன் சாகாவுக்கு 1985இல் எஞ்சின் தந்த அதே மிட்சுபிஷிதான். ஜெர்மனியின் போர்ஷே தன் 944 காருக்காக அந்த உரிமையைப் பணம் கொடுத்து வாங்கியது என்றால், நான்கு சிலிண்டரின் குலுக்கல் எத்தகைய தலைவலி என்பது விளங்கும். ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் நிறுத்தினால் இந்தத் தண்டுகள் எதுவும் வேண்டியதில்லை. முதலாவதும் ஆறாவதும், இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் நான்காவதும் இணையாக நடக்க, மூன்று இணைகளும் 120 பாகை இடைவெளியில் நிற்க, ஒன்றின் குறையை மற்றவை இட்டு நிரப்பிவிடுகின்றன. இது யாரும் சேர்த்த நயமன்று. கணக்கே தந்த பரிசு.

இப்பரிசு சிறு வருவாயினரின் கைக்கு வந்த வழிதான் நாம் சிந்திக்க வேண்டியது. மலிவான ஸ்போர்ட்ஸ் காருக்கென்று தனியாக ஓர் ஆறு சிலிண்டர் எஞ்சினை உருவாக்கியவர் மிகக் குறைவு. அதற்கு ஆகும் செலவை அத்தகைய காரின் விற்பனை ஒருநாளும் ஈட்டித் தராது. எனவே அவை இரவல் வாங்கின. பிரிட்டனின் டிரையம்ஃப் டி.ஆர்.6, 1968 முதல் 1976 வரை ஓடியது, குடும்பத்தார் ஏறிச் செல்லும் டிரையம்ஃப் 2000 காரின் எஞ்சினைப் பெரிதாக்கிக்கொண்டுதான். 1967இல் வந்த எம்.ஜி.சி.யின் எஞ்சின் ஆஸ்டின் 3 லிட்டர் என்னும் பெரிய காருக்கும் உரியது. அந்த இரவல் சரியாகப் பொருந்தவில்லை. எஞ்சினின் கனம் காரின் மூக்கை அழுத்த, விமர்சகர்கள் குறை கூற, 1969இலேயே எம்.ஜி.சி. நின்றுபோயிற்று.

பொருந்தி வந்த இரவலுக்குச் சான்று டட்சன் 240இசட். நம் ஊர்ச் சாலைகளில் டட்சன் என்றால் மூத்தவர்களுக்கு நினைவுக்கு வருவது 120ஒய் என்னும் எளிய கார்தான். அதே நிறுவனம் 1969இன் இறுதியில் ஜப்பானில் வெளியிட்டு, 1970இல் அமெரிக்காவில் 3,526 டாலருக்கு விற்ற கார் இது. 2.4 லிட்டர் அளவு, வரிசையாய் ஆறு சிலிண்டர்கள், 151 குதிரைத்திறன், காரின் எடை ஏறத்தாழ 1,050 கிலோ. ஜாகுவார் ஈ-டைப்பும் போர்ஷே 911உம் அன்று அதனைவிட ஆயிரக்கணக்கான டாலர் கூடுதல். அமெரிக்காவில் நிசான் கிளைக்குத் தலைமையேற்றிருந்த யுத்தாகா கத்தயாமா, அந்நாட்டு மக்கள் எதனை விரும்புவர் என்பதைத் தலைமையகத்துக்கு விடாமல் எடுத்துரைத்தவர். 2015இல் தமது 105ஆவது வயதில் அவர் மறைந்தபோது உலகெங்கும் இந்தக் காரின் அன்பர்கள் அவரை நினைவுகூர்ந்தனர். இந்த எஞ்சினும், புளூபேர்டு என்னும் சாதாரணக் காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினும் ஒரே குடும்பம். இரண்டிலும் சிலிண்டரின் குறுக்களவு 83 மில்லிமீட்டரே. நான்கோடு இரண்டைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். இப்படிச் செய்த கார் 1971இலும் 1973இலும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பந்தயத்தில் புழுதியிலும் சேற்றிலும் ஓடி முதலிடம் பெற்றது. அந்தத் தலைமுறை இசட் கார்கள் 1978 வரையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றன.

சுருங்கச் சொன்னால், மலிவான ஸ்போர்ட்ஸ் காரின் ஆறு சிலிண்டர் என்பது பக்கத்து வீட்டுக் குடும்பக் காரின் வளத்தில் வாழ்ந்தது. இப்போது நேர்ந்திருப்பது, அந்தப் பக்கத்து வீட்டில் ஆறு இல்லாமற் போனதுதான். குடும்பக் கார்கள் முன்சக்கர இயக்கத்துக்கு மாறி, எஞ்சினைக் குறுக்கே வைக்கத் தொடங்கியதும் நீண்ட நேர்வரிசை ஆறுக்கு இடமில்லை. சில காலம் வி வடிவ ஆறு அந்த இடத்தை நிரப்பியது. பின்னர் டர்போ வந்தது. இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டரே பழைய மூன்றரை லிட்டரின் வேலையைச் செய்துவிட்டது. ஹோண்டா அக்கார்டு 2018ஆம் ஆண்டு மாதிரியில் ஆறைக் கைவிட்டது. நிசான் மேக்சிமா 2023இல் நின்றது. டொயோட்டா கேம்ரி 2025ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அமெரிக்காவில் நான்கு சிலிண்டர் ஹைபிரிட் மட்டுமே. குடும்பம் நடத்துவோர் இவற்றுக்காக அழவில்லை. அழ வேண்டியதும் இல்லை. பெட்ரோல் செலவு குறைந்தது.

சட்டமும் அதே திசையில் தள்ளியது. ஐரோப்பிய ஒன்றியம், 2020, 2021 ஆண்டுகளில் புதிய கார்களின் சராசரி கரியமில வாயுவைக் கிலோமீட்டருக்கு 95 கிராம் என வகுத்தது. ஏறத்தாழ 4.1 லிட்டர் பெட்ரோலில் நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பது அதன் பொருள். மிஞ்சிய ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ தண்டம். விலையுயர்ந்த கார் இந்தத் தண்டத்தைத் தன் விலைக்குள் மறைத்துக்கொள்ளும். மலிவான காருக்கு மறைக்க இடமில்லை. காற்றைக் காக்க வந்த விதியை நான் குறை கூறமாட்டேன். அது யார் தலையில் முதலில் விழுகிறது என்பதைத்தான் சுட்டுகிறேன். நம் நாட்டுச் சாலை வரியோ எரிபொருளை அளக்காமல் எஞ்சினின் கொள்ளளவை அளக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 2.0 லிட்டர் தனியார் காருக்கு ஆண்டுக்கு 380 ரிங்கிட், 3.0 லிட்டருக்கு 2,130 ரிங்கிட். முந்நூறு குதிரைத்திறன் தரும் டர்போ நான்குக்கும் அதே 380தான். இறக்குமதித் தீர்வைகளையும் சேர்த்துப் பார்த்தால், 'மலிவான' என்னும் சொல்லுக்கு அமெரிக்காவில் இருந்த பொருள் நம்மிடையே என்றுமே இருந்ததில்லை.

நான்கு சிலிண்டரே போதும் என்பவர்களின் வாதத்துக்கு 2016இல் ஒரு சோதனை நடந்தது. போர்ஷே நிறுவனம் தன் சிறிய கார்களான பாக்ஸ்டர், கேமன் இரண்டிலும் கிடைநிலை ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு, டர்போ பூட்டிய நான்கை வைத்தது. பாக்ஸ்டரின் அடிப்படை மாதிரி 265 குதிரைத்திறனிலிருந்து 300க்கு உயர்ந்தது, வேகமும் கூடிற்று. எண்களைப் பார்த்தால் குறையே இல்லை. ஆயினும் ஓட்டிப் பார்த்தவர்கள் ஒரே குரலில் சொன்னது ஒலியைப் பற்றியே: கரகரப்பு, உயிரில்லாத முழக்கம். தவிலும் நாயனமும் கேட்டு வளர்ந்த செவிக்கு, தவில் மட்டும் வாசித்தால் எப்படியிருக்கும் என்பது தெரியும். 2020இல் போர்ஷே 4.0 லிட்டர், 400 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டரை அக்கார்களுக்கே மீண்டும் கொண்டுவந்தது. வென்றது ஆறு என்று மகிழ்ந்தவர்கள் விலைப்பட்டியலை நோக்கவில்லை போலும். அமெரிக்காவில் அதன் விலை அடிப்படை மாதிரியைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. முன்பு அடிப்படை மாதிரியிலேயே கிடைத்தது, மாடிக்கு ஏறிப்போய் உட்கார்ந்துகொண்டது. அழிந்துபோவதைவிட இதுவே எனக்கு வருத்தம் தருவது.

வழவழப்பே பெருமையென்றால் மின்மோட்டார் ஆறு சிலிண்டரை வென்றுவிட்டது என்று இளைஞர் ஒருவர் வாதாடக்கூடும். அது உண்மையே. மோட்டாரில் வெடிப்பே இல்லை. சமன் செய்ய எதுவுமில்லை. ஆனால் ஆறின் அழகு அதிர்வு இல்லாமையில் இல்லை. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான வெடிப்புகளைக் கட்டி அடக்கி ஒரே ஓசையாக்கிவிடுகிறதே, அந்தத் திறனில் இருக்கிறது. சுழற்சி ஏற ஏற ஓசையின் தன்மையே மாறுவதை, அதனை ஒருமுறையேனும் ஓட்டியவர் மறப்பதில்லை. இது தேவையா என்றால், தேவையில்லை. வயலினும் தேவையில்லைதான்.

இனி இரவல் தரக்கூடிய வீடுகள் எவை? முதலில் சொல்லத்தக்கது பி.எம்.டபிள்யூ. சிலிண்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் என்று வகுத்துக்கொண்டு, மூன்று சேர்த்தால் 1.5 லிட்டர், நான்கு சேர்த்தால் 2.0, ஆறு சேர்த்தால் 3.0 என ஒரே குடும்பமாக அது எஞ்சின் செய்கிறது. சிறிய கார்கள் விற்கும் வரை ஆறுக்கும் சோறு உண்டு. தன்னிடம் நேர்வரிசை ஆறு இல்லாத நிலையில் டொயோட்டா சுப்ராவுக்காகக் கதவைத் தட்டியது இங்கேதான். பி.எம்.டபிள்யூவின் இசட்4 காரோடு உடன்பிறப்பாக, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் அது தயாரானது. 2020ஆம் ஆண்டு மாதிரியாக 49,990 டாலருக்கு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இரவல் பொருள் என்று சிலர் பழித்தார்கள். மலிவான ஸ்போர்ட்ஸ் காரின் வரலாறு அறிந்தவர் அவ்வாறு பழிக்கமாட்டார். லோட்டஸ் எமிராவின் 3.5 லிட்டர் ஆறும் டொயோட்டாவின் குடும்பக் கார்களிலிருந்து வந்ததே.

அமெரிக்காவில் டாட்ஜ் சார்ஜர், 3.0 லிட்டர் இரட்டை டர்போ நேர்வரிசை ஆறோடு 2025இல் வெளிவந்தது. அது இரவல் பெற்றது ஜீப் வேகனியர், ராம் சரக்கு வண்டி ஆகியவற்றிடமிருந்து. இரண்டு டன்னைத் தாண்டும் அந்தக் காரை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லச் சற்றுத் தாராள மனம் வேண்டும். ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில், 2035க்கான நூறு விழுக்காட்டு விதியைத் தொண்ணூறாகத் தளர்த்த முன்மொழிந்தது உண்மை. அந்தப் பத்து விழுக்காட்டு இடத்தில் முதலில் வந்து அமர்பவை மலிவான கார்களாக இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

240இசட்டின் நேர் வாரிசு 2022இல் 39,990 டாலருக்கு வந்தது. 3.0 லிட்டர் வி வடிவ ஆறு, இரட்டை டர்போ, 400 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஆறு கியர்கள். பழைய 3,526 டாலரை அமெரிக்க விலைவாசிக் கணக்கில் 2022க்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 27,000 டாலர் ஆகும். எடையோ 1,600 கிலோ அளவுக்கு ஏறியிருக்கிறது. எஞ்சினை இரவல் தந்தவை இன்ஃபினிட்டி கியூ60, கியூ50 என்னும் கார்கள். அமெரிக்காவில் முதலாவது 2022இலும் இரண்டாவது 2024இலும் நின்றுவிட்டன. அந்த எஞ்சினின் 3.5 லிட்டர் அண்ணன் மட்டும் கியூஎக்ஸ்80 என்னும் பெருவண்டியின் முகப்பின் கீழ் இருக்கிறது.