ஆண்டர்சன் பெயரில் ஓர் ஓய்விடம்

போர் நினைவிடம் என்றால் ஒரு தூண், நாலு மலர்வளையம், சத்தம் போட்டுப் பேசத் தயங்கும் கூட்டம். சிட்னியிலிருந்து கான்பரா போகும் சாலையில் அந்தக் கெடுபிடி இல்லை. வண்டியை ஓரங்கட்டி நினைவிடத்திலேயே படுத்துத் தூங்கலாம்.

1954இல் எலிசபெத் அரசி சிட்னியில் மரம் நட்டுத் தொடங்கிவைத்த நினைவுச் சாலை அது. வழிநெடுக மரங்கள் வைத்தார்கள். பின்னாளில் சாலையோர ஓய்விடங்களுக்கு, போர்க்களத் துணிவுக்கான உயரிய விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற ஆஸ்திரேலியர்களின் பெயரைச் சூட்டினார்கள். டோப்ருக்கில் 1941இல் இறந்த எட்மண்ட்சன், தரக்கானில் 1945இல் இறந்த டெரிக், வியட்நாமிலிருந்து உயிரோடு திரும்பிய பெய்ன். கழிப்பறைக்குப் போகிற வழியில் அவர்கள் கதை பலகையில் இருக்கும். ஊருக்கு நடுவே நிற்கும் வெண்கலச் சிலையை யார் நின்று படிக்கிறார்கள்? இங்கே தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை வேறு வேலையில்லை, படித்துவிடுகிறோம்.

இரவு சுகமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். குளிர்சாதன லாரிகள் விடியவிடிய உறுமும். குளிர்காலத்தில் கோல்பர்ன் பக்கம் காலையில் வேன் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்ட வேண்டும்.

அந்தப் பெயர்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது சார்லஸ் ஆண்டர்சன். 1942 ஜனவரி, மலாயாவின் மூவார் ஆற்றுப்பக்கம். தன் ஆஸ்திரேலியப் படையினரோடு, சிதறிப்போன ஓர் இந்தியப் படைப்பிரிவில் எஞ்சியவர்களையும் சேர்த்துக்கொண்டு ஜப்பானியர் முற்றுகையை உடைத்துப் பின்வாங்கினார். பாரிட் சுலோங் பாலத்தில் வழி அடைபட்டது. நடக்க முடிந்தவர்கள் காட்டுக்குள் புகுந்தார்கள். விட்டுவர வேண்டியிருந்த காயம்பட்ட ஆஸ்திரேலியர்களையும் இந்தியர்களையும் ஜப்பானியர் கொன்றார்கள். சிங்கப்பூர் விழுந்ததும் ஆண்டர்சனும் கைதியானார். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட பர்மா ரயில்பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார். போருக்குப் பின் ஹியூம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

பர்மா ரயில்பாதை என்றதும் மலேசியத் தமிழர் வீடுகளில் வேறு பெயர் வரும்: சயாம் மரண ரயில். ரப்பர் தோட்டங்களிலிருந்து, நல்ல சம்பளம் என்று ஆசைகாட்டியும் வலுக்கட்டாயமாகப் பிடித்தும் ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலரா, பட்டினி, அடி. கைதிகளாவது படையினர், கணக்கு வைக்க அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்களும் இருந்தார்கள். தோட்டத்து ஆட்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் படையினருக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோர் எங்கே புதைந்தார்கள் என்பதே தெரியாது.

எனக்கு ஓர் ஆசை உண்டு. மலேசிய வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பா மாதிரி ஓர் ஓய்விடத்துக்கு அவர்கள் பெயரை வைக்கலாம். தூண் வேண்டாம், மலர்வளையமும் வேண்டாம். பேருந்து நின்று தேத்தண்ணி குடிக்க இறங்குகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு பலகை: எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பேர் போனார்கள், யார் யார் திரும்பினார்கள். விவரம் கிடைத்த தோட்டங்களை வைத்துத் தொடங்கினால்கூடப் போதும். மற்றதை, படிக்கிற தாத்தா பாட்டிகள் வந்து சொல்வார்கள்.