எவ்வளவு ஆகும், மிஸ்?

2005 அக்டோபர் தொடக்கத்தில் நான் நியூ ஆர்லியன்ஸுக்குள் நுழைந்தபோது, தெருவுக்குத் தெரு வீட்டு வாசல்களில் ஃபிரிட்ஜுகள் நின்றன. கதவு திறந்துவிடாதபடி சாம்பல் நிற டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தார்கள். ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கரையைக் கடப்பதற்கு முன் வாங்கிவைத்த இறாலும் கோழியும் ஐந்து வாரமாக அவற்றின் உள்ளேயே கிடந்தன. அந்த நாற்றத்தோடு சுவர்ப் பூஞ்சையின் நெடியும் பிளீச்சிங் பவுடர் வாடையும் சேர்ந்து ஊர் முழுக்க ஒரே வாசனை. முடியில், சட்டையில், தின்கிற ரொட்டியில் எல்லாம் அதுதான். வீட்டுச் சுவர்களில் ஜன்னல் மட்டத்துக்குப் பழுப்புக் கோடு, தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதற்குச் சாட்சியாக. கதவோரம் தேடுதல் படையினர் ஸ்ப்ரே பெயின்டில் போட்டுப்போன பெருக்கல் குறி. மேலே தேதி, இடது பக்கம் எந்தப் படை, வலது பக்கம் என்ன ஆபத்து, கீழே உள்ளே கண்டவர்களின் எண்ணிக்கை. எந்தத் தெருவில் நடந்தாலும் கண் முதலில் அந்தக் கீழ் மூலைக்குத்தான் போகும். பெரும்பாலும் பூஜ்யம்தான். எப்போதும் இல்லை.

நான் ஹூஸ்டனில் செவிலியராக இருந்தேன். பிறந்தது கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கடல் ஏறி வந்தபோது நான் உலகத்தின் மறுபக்கத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். லீவும் கிடைக்கவில்லை, டிக்கெட்டும் கிடைக்கவில்லை. எட்டு மாதம் கழித்து, கார் எடுத்தால் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் இன்னொரு ஊர் மூழ்கியது. அங்கிருந்து தப்பியவர்களைப் பஸ் பஸ்ஸாக ஹூஸ்டனுக்குக் கொண்டுவந்து ஆஸ்ட்ரோடோம் அரங்கில் கட்டில் போட்டுத் தங்கவைத்தார்கள். நானும் அங்கே வேலை பார்த்தேன். அவர்களில் சிலர் ஊர் திரும்பத் தொடங்கியபோது, “அங்கே ஒரு டாக்டரும் இல்லையாம்” என்று ஒரு கிழவர் சொன்னார். அதன் பிறகு ஹூஸ்டனில் இருப்புக்கொள்ளவில்லை.

நியூ ஆர்லியன்ஸில் செயின்ட் கிளாட் அவென்யூவிலிருந்து ஆற்றுப் பக்கம் கொஞ்சம் மேடு. மிஸிஸிப்பி கொண்டுவந்து கொட்டிய வண்டல் உயர்த்திவைத்த நிலம். நகரத்தின் 80 சதவீதம் மூழ்கியபோதும் அந்த விளிம்பு தப்பியது. அங்கே ஒரு சர்ச் கூடத்தில்தான் தொண்டர்களாக நாங்கள் நடத்திய இலவசக் கிளினிக். மடக்கு மேசைகள், மறைப்புக்குப் படுக்கை விரிப்புகள், தடுப்பூசிக்கு ஐஸ் பெட்டி, வெளியே உறுமும் ஜெனரேட்டர். ஆற்றுக்கு அக்கரையில், அல்ஜியர்ஸ் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில், செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்தே இலவசக் கிளினிக் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் பிளாக் பாந்தர் இயக்கத்தில் இருந்த மாலிக் ரஹீமும் நண்பர்களும் தொடங்கிய முயற்சி அது. அரசாங்கம் வருவதற்கு முன்பே அங்கே சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்குப் பெரிய தைரியம்.

ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் வந்தேன். ஆனால் டாக்டர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். வெர்மான்டிலிருந்து ஒருவர், ஓரிகனிலிருந்து ஒருவர் என ஆளுக்கு ஐந்து நாள், பத்து நாள். வெளிமாநில உரிமத்தோடு பணி செய்ய மாநில அரசு அவசர அனுமதி கொடுத்திருந்தது. முன்பு பொறுப்பில் இருந்தவர் ஊருக்குக் கிளம்பும்போது மருந்து அலமாரிச் சாவியை என் கையில் வைத்து, “நீதான் இன்னும் இருக்கிறாய்” என்றார். இப்படித்தான் நான் தலைமைப் பொறுப்புக்கு வந்தேன். தலைமை என்றால் என்ன? நன்கொடையாக வந்த பெட்டிகளைப் பிரித்துக் காலாவதியான மாத்திரைகளைக் கழிப்பது. வந்த டாக்டர்களின் உரிம நகலை ஃபைலில் கோப்பது. பயன்படுத்திய ஊசிகளை ஒழுங்காக அப்புறப்படுத்துவது. போதைக்குப் பயன்படும் வலி மருந்து எதுவும் இங்கே இல்லை என்று கதவில் எழுதி ஒட்டுவது. ஜெனரேட்டருக்கு எண்ணெய் தேடுவது. சாயங்காலம் வெளிச்சம் போகும்போது, வரிசையில் மிச்சமிருப்பவர்களிடம் போய் “நாளைக்கு நீங்கள்தான் முதல்” என்று சொல்வது. இதில் கடைசி வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த வரிசையில் நின்ற முகங்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பிரெஞ்சு குவார்ட்டர் ஹோட்டல் ஒன்றில் முப்பது வருஷமாக அறை சுத்தம் செய்த ஒரு பெண். அறுபது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி ஒன்றை மட்டும் எப்படியோ காப்பாற்றி வைத்திருந்தார், அதைப் போட்டுக்கொண்டுதான் கிளினிக்குக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என்ன செய்கிறது என்று நான் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டார்: “எவ்வளவு ஆகும், மிஸ்?”

ஒன்றும் ஆகாது என்றேன். நம்பவில்லை. “ஊசி போட்டால்?” அதுவும் ஒன்றுமில்லை. “மாத்திரைக்கு?” இல்லை அம்மா, எதற்கும் இல்லை. அப்போதுதான் காலணியைக் கழற்றினார். இடது பெருவிரலுக்கு அடியில் புண். சேற்று நீரில் நடந்தபோது ஆணி கிழித்தது. சர்க்கரை நோயாளி, புயலுக்குப் பிறகு இன்சுலின் கண்ணால் பார்க்கவில்லை. கட்டைப் பிரித்தபோது எழுந்த வாடையிலேயே புண்ணின் ஆழம் தெரிந்துவிட்டது. கழுவிக் கட்டும்வரை அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. முடிந்ததும், “உன் அம்மா எங்கே இருக்கிறாள், பேபி? அவளுக்கு போன் பண்ணு” என்றார்.

ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார், ஆனால் குனிந்துகொண்டு, கழுத்துவரை சிவந்து. அவருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. அமெரிக்காவில் பெரும்பாலானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. வேலை போனால் அதுவும் போகும். அந்த நகரத்தின் பொதுப் பள்ளிகளில் வேலை பார்த்த 7,000-க்கும் மேற்பட்டவர்களைச் சம்பளமில்லாமல் நிறுத்திவைத்து, பிறகு மொத்தமாக வேலையை விட்டே நீக்கினார்கள். புயல் அவர்கள் வீட்டை எடுத்தது. தைராய்டு மாத்திரையையும் ஆஸ்துமா இன்ஹேலரையும் எடுத்தது ஒரு கடிதம். “என் மாணவர்களின் அம்மாக்கள் இந்த வரிசையில் நிற்கிறார்கள்” என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை அவரே வந்து பதிவேடு எழுத உட்கார்ந்தார். அவருடைய கையெழுத்து அவ்வளவு அழகு.

புயலுக்கு முன்பும் இவர்களில் பாதிப் பேருக்குக் காப்பீடு கிடையாது. அப்போது லூசியானாவில் குழந்தையில்லாத, ஊனமில்லாத, வேலை செய்யும் வயதிலுள்ள ஒருவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் அரசின் மெடிகெய்ட் காப்பீட்டுத் திட்டத்தில் இடமிருக்கவில்லை. ட்ரம்பெட் வாசிப்பவர், சமையல்காரர், துறைமுகக் கூலி எல்லாரும் அந்தக் கணக்கில்தான் அடிபட்டுப்போனார்கள். இந்த விவரங்களெல்லாம் எனக்கு அங்கே போன பிறகுதான் புரிந்தன.

ஒருநாள் இரவு அம்மாவுக்கு போன் போட்டேன். பேசிக்கொண்டே வந்தவள் திடீரென்று கேட்டாள்: “ஏ மக்ளே, அவ்வளவு பெரிய நாட்டுல ஒரு தர்மாஸ்பத்திரி இல்லியா?”

இருந்தது அம்மா. 1736-இல், ஒரு பிரெஞ்சுக் கப்பல்காரர் எழுதிவைத்துப் போன பணத்தில் தொடங்கியது. சாரிட்டி ஹாஸ்பிட்டல் என்றே பெயர். 1939-இல் கட்டிய கட்டடம் துலேன் அவென்யூவில் பிரம்மாண்டமாக நின்றது. கையில் காசில்லாதவர்கள் பிறந்ததும் செத்ததும் அங்கேதான். தண்ணீர் சூழ்ந்து மின்சாரம் போனபோது, அந்த மருத்துவமனை ஊழியர்கள் நாள்கணக்கில் இருட்டில், மூச்சுக்கருவி நின்றுபோன நோயாளிகளுக்குக் கையாலேயே பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார்கள். படகிலும் ஹெலிகாப்டரிலும் எல்லாரையும் வெளியேற்றிய பிறகு, ராணுவமும் ஊழியர்களுமாகக் கட்டடத்தைச் சுத்தம் செய்தார்கள். ஆனால் திறக்க வேண்டாம் என்று மேலே முடிவாகிவிட்டது. அந்த ஊழியர்கள் கூடாரத்திலும், பிறகு மூடிக்கிடந்த ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரிலும் நோயாளிகளைப் பார்த்தார்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நம்ம ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரில பிரஷர் மாத்திரைக்கு ஒரு பைசா கேக்க மாட்டாவ” என்றாள். எனக்குப் பதில் இல்லை.

நவம்பரில் ஒரு புதிய கூட்டம் வந்தது. ஹோண்டுராஸ், மெக்சிகோ, குவாதமாலாவிலிருந்து கூரை வேயவும் பூஞ்சை சுரண்டவும் வந்த இளைஞர்கள். முகக்கவசம் கிடையாது, கையுறை கிடையாது, எந்நேரமும் இருமல். வாரக் கடைசியில் முதலாளி சம்பளம் தராமல் மறைந்துவிடுவார். போலீஸுக்குப் போனால் நாடு கடத்திவிடுவார்களோ என்று பயம்.

ஒருநாள் இரவு ஊரடங்கு நேரம் தொடங்கிய பிறகு கதவைத் தட்டினார்கள், மூன்று பேர், நடுவில் ஒருவன் தொங்குகிறான், கூரையிலிருந்து விழுந்து மதியத்திலிருந்து அப்படியே கிடந்தவன், வயிறு கல்லாக இருக்கிறது, நாடி ஓடுகிறது, உதடு வெளுத்துவிட்டது, அன்றைக்கு இருந்த டாக்டர் தொட்டுப் பார்த்து உள்ளே ரத்தம் என்றார், ஆம்புலன்ஸுக்கு போன் போனால் போகிறது எடுக்கவில்லை, என் காரின் பின் சீட்டில் கிடத்தினோம், சிக்னல் ஒன்றுகூட எரியாத தெருக்கள், கவிழ்ந்த மரம், படகு ஒன்று நடுரோட்டில், ஒரு திருப்பத்தில் விளக்கு முகத்தில் அடித்தது, கையைத் தூக்கு என்று கத்தினார்கள், துப்பாக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங்குக்கு மேலே தூக்கிக்கொண்டு நர்ஸ் நர்ஸ் என்று கத்தினேன், பின் சீட்டில் டாக்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இருக்கிறார், இருபது வயது தாண்டாத ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்தான், அவன் முகம் மாறியது, ஜீப்பில் ஏறி எங்களுக்கு முன்னால் ஓட்டினான், பக்கத்து மாவட்டத்தில் விளக்கெரிந்த மருத்துவமனை வாசல்வரை.

பிழைத்தான். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவசரப் பிரிவுக்கு வருகிறவரிடம் காசில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. உயிராபத்து நீங்கும்வரை பார்த்தாக வேண்டும். அதற்குப் பிறகு என்ன என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. தையல் பிரிக்கும் முன்பே எங்கள் மேசைக்கு வந்தான். சட்டைப் பைக்குள் நாலாக மடித்த காகிதத்தை எடுத்து விரித்தான். பில். அதிலிருந்த தொகையை அவன் நூறு கூரை வேய்ந்தாலும் கட்ட முடியாது. ஆங்கிலம் தெரியாததால் அந்த எண்ணை விரலால் தொட்டுக்காட்டி என் முகத்தைப் பார்த்தான். அந்த விரலில் தார் ஒட்டியிருந்தது.

அவன் பிறகு என்ன ஆனான் என்று தெரியாது. தொப்பிக்காரப் பெண்மணிக்கு விரலை எடுக்க வேண்டியதாயிற்று, காலைக் காப்பாற்றினோம். டீச்சர் அட்லாண்டாவுக்கு மகளோடு போய்விட்டார். அடுத்த ஆண்டு கோடைக்காலத்தில் கூடத்தைச் சர்ச்சிடம் திருப்பிக் கொடுத்து, பதிவேடுகளையும் நோயாளிகளையும் முறையான அனுமதியோடு தொடங்கியிருந்த வேறொரு கிளினிக்கிடம் ஒப்படைத்தோம். கத்ரீனாவில் இறந்தவர்கள் 1,300-க்கும் மேல் என்று கணக்கிருக்கிறது. அந்தப் புயலுக்குப் பிந்தைய மாதங்களில் பிரஷர் மாத்திரை இல்லாமல், டயாலிசிஸ் இல்லாமல், மனம் உடைந்து போனவர்கள் அதில் எத்தனை பேர் சேர்த்தி? எங்கள் வரிசையில் “நாளைக்கு நீங்கள்தான் முதல்” என்று நான் சொல்லி, மறுநாள் வராமல் போனவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சாரிட்டிக்குப் பதிலாகப் புதிய மருத்துவமனை 2015-இல் திறந்தது. 2016 ஜூலையில் லூசியானா தன் மெடிகெய்ட் கதவை ஏழைப் பெரியவர்களுக்கும் திறந்துவிட்டது. 4 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் சேர்ந்தார்கள். பதினொரு வருடத் தாமதம் என்று கசப்பும் வந்தது, அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அழவும் செய்தேன்.

நான் வாழும் டெக்சாஸ் அந்தக் கதவை இன்னும் திறக்கவில்லை. அமெரிக்காவிலேயே காப்பீடில்லாதவர்களின் விகிதம் அதிகமுள்ள மாநிலம் இதுதான். புயல் எதுவும் அடிக்காத சாதாரணச் சனிக்கிழமைகளில், ஹூஸ்டனில் ஒரு இலவசக் கிளினிக்கில் புதிய தொண்டர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவம் படிக்கிற பிள்ளைகள். கண்ணில் கனவோடு வருவார்கள். பெரிய தத்துவம் எதையும் நான் அவர்களிடம் பேசுவதில்லை. முதலில் நாற்காலியைப் போடு, ஆளை உட்காரவை என்பேன். அவர் வாய் திறப்பதற்கு முன்பே காசு வேண்டாம் என்று நீயாகச் சொல்லிவிடு. அந்தக் கேள்வி அவர் தொண்டையில் நிற்கும்வரை நோய் வெளியே வராது. பெயரைப் பிழையில்லாமல் எழுது. எந்த மாத்திரை, எத்தனை, எப்போது தீரும் என்பதை எழுது. அடுத்த வாரம் நீ பரீட்சைக்குப் படிக்கப் போய்விடுவாய், உன் இடத்துக்கு வேறொருவர் வருவார், நோயாளி மட்டும் அதே ஆளாக வருவார். உன் எழுத்தைப் பார்த்துத்தான் அவருக்கு மருந்து கொடுக்க வேண்டும். அதனால் படிக்கிற மாதிரி எழுது.