எரியாத விளக்குக்குக் கூலி

மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் வாதாடிப் பிழைக்கும் எனக்கு, நான் வாதாடாத வழக்கொன்றுதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. 2015 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நடந்த அதன் வாதத்தை ஒலிப்பதிவில் கேட்டேன். தேவை உச்சத்தில் இருக்கும்போது செலவு அதிகமான மின்நிலையங்களை ஓட்டுவதைவிட, ஆலைகளும் பெருங்கடைகளும் பயன்பாட்டைக் குறைக்கப் பணம் கொடுப்பதே மேல் என்று அங்குள்ள மத்திய எரிசக்தி ஆணையம் 2011இல் உத்தரவு போட்டிருந்தது. மற்றவர்களுக்கும் செலவு குறையுமானால், குறைத்த யூனிட்டுக்கும் உற்பத்தி செய்த யூனிட்டுக்கும் ஒரே மொத்தச் சந்தை விலை.

கட்டணத்தில் ஏற்கெனவே மிச்சம் பிடித்தவனுக்கு மேலும் பணமா என்று மின் உற்பத்தியாளர்கள் கொதித்தார்கள். ஆனால் அவர்கள் முன்னால் நிறுத்திய வாதம் வேறு: 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி மொத்த விற்பனைதான் மத்திய ஆணையத்தின் எல்லை, சில்லறை விற்பனை மாநிலங்களுடையது; நுகர்வோர் பயன்பாட்டைக் குறைப்பது சில்லறையைச் சேர்ந்தது. நியாயம் இழுபறியாகும் இடத்தில் அதிகாரத்தைக் கேள்வி கேட்பது பழுத்த வக்கீலின் வழக்கம், நானும் செய்திருக்கிறேன். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என அந்த வாதத்தை ஏற்று உத்தரவை ரத்துசெய்தது.

உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் கேட்டதை மறக்க முடியாது. பர்கர் 3 டாலர். உள்ளே போகாதே, 5 டாலர் தருகிறேன் என்று ஒருவன் கடை வாசலில் நின்றால், பர்கரின் உண்மை விலை 8 டாலர் ஆகிவிடாதா? அரசுத் தரப்பு திணறும் என்றே நினைத்தேன். ஆனால் 2016 ஜனவரியில் வந்த தீர்ப்பு ஆறுக்கு இரண்டு என ஆணையத்தின் பக்கம். மொத்தச் சந்தையைச் சீராக்கும் விதி சில்லறையில் எதிரொலிப்பதாலேயே எல்லை மீறியதாகாது என்று எழுதினார் நீதிபதி எலினா கேகன். விரும்பாத மாநிலம் தன் நுகர்வோரை விலக்கிக்கொள்ள வழி இருந்ததும் உதவியது.

எனக்கு உறுத்திய கேள்வியை எந்தத் தரப்பும் வழக்காக்கவில்லை. எவ்வளவு குறைத்தான் என்று அளக்க, வழக்கமாக எவ்வளவு எரித்தான் என்று பார்க்க வேண்டும். முதலிலிருந்தே சிக்கனமாக இருந்தவனிடம் குறைக்க என்ன இருக்கிறது?

கோவையில் ஃபவுண்டரி நடத்தும் என் கட்சிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். நம்மூர் உயர் அழுத்த ஆலைகள் உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் கட்டுகின்றன. அங்கே குறைத்தால் பணமே தருவார்கள் என்றதும் அவருக்கு ஆசை வந்தது. கணக்கிடும் முறையை விளக்கினேன். கடன் வாங்கி, மின்சாரம் குறைவாக இழுக்கும் ஃபர்னஸ் போட்டிருந்தவர் அவர்.

"அப்போ பழசையே வெச்சிருந்திருக்கணுங்களா சார்?" என்றார்.

அந்த உத்தரவின்படி பார்த்தால், ஆமாம் என்றேன்.