முவாங் கோன்

தென் தாய்லாந்துக்கு ரயிலேறும் வெளிநாட்டவர்களில் பெரும்பாலோர் சூரத் தானியில் இறங்கிவிடுவார்கள். அங்கிருந்து படகு பிடித்தால் சமுய் தீவு. இறங்காமல் இன்னும் சில மணி நேரம் உட்கார்ந்திருந்தால், தண்டவாளம் பிரதான பாதையை விட்டுக் கிழக்கே பிரிந்து ஓர் ஊரோடு முடிந்துபோகும். அதுதான் நக்கோன் சீ தம்மராட். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது ‘முவாங் கோன்’. வேலைக்காகப் போய் அங்கே குடியிருந்த காலத்தை என் வாழ்நாளின் நல்ல காலம் என்று இன்றும் சொல்வேன்.

பழைய மணல்மேடு ஒன்றின் மேல் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஊர் அது. ராச்சதம்னோன் சாலைதான் அதன் முதுகெலும்பு. பின்புறம் இரண்டு பலகை இருக்கைகள் போட்ட சோங்தியோ வண்டிகள் அதில் போய் வந்துகொண்டே இருக்கும். எங்கே கை காட்டினாலும் நிற்கும்; அப்போது 10 பாட் கொடுத்தால் போதும். என் மரவீட்டுக்கு மாத வாடகை 3,000 பாட். சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழித்துப் பழகிய எனக்கு, மாதக் கடைசியிலும் கவலையில்லாமல் இருக்கக் கற்றுத்தந்த ஊர் அது.

காலையில் கனோம் ஜீன். நம் இடியாப்ப மாவைப் போலப் பிழிந்தெடுத்த அரிசி நூடுல்ஸ். மீனும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த குழம்பை அதன் மேல் ஊற்றித் தருவார்கள். மேசை நடுவே தட்டு நிறையப் பச்சைக் காய்கள், கீரைகள், முந்திரிக் கொழுந்து, நாற்றம் பிடித்த சதோ கொட்டை. வேண்டுமளவு எடுத்துக்கொள்ளலாம், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. மீன் குடலைப் புளிக்கவைத்துச் செய்யும் தை ப்ளா குழம்பின் காரத்துக்கு ஆந்திரக்காரர்களும் தண்ணீர் கேட்பார்கள்.

ராச்சதம்னோன் சாலையிலேயே சிவலிங்கம் வைத்த ஈசுவன் கோயில் இருக்கிறது. எதிரே நாராய் கோயில். தெற்கே போனால் தேசிய அருங்காட்சியகம். மேற்குக் கரைத் தக்குவா பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. அவனி நாரணம் என்ற குளத்தை வெட்டி, மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினர் உள்ளிட்டோரின் காவலில் விட்டதை அது சொல்கிறது. 1025இல் ராஜேந்திர சோழன் கடல் கடந்து வென்றதாக மெய்க்கீர்த்தி சொல்லும் ஊர்களில் மாதமாலிங்கமும் ஒன்று. தாம்பிரலிங்கம் என்னும் இவ்வூர்ப் பழைய அரசே அது என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. படை வந்த பெருமையை நாம் நிறையப் பேசிவிட்டோம். அதற்கு முன்பே வந்து குளம் வெட்டியவர்கள்தான் என் மனத்துக்கு நெருக்கமானவர்கள்.

பாவைக்கூத்தும் பார்க்கலாம். நாங் தலுங் என்பார்கள். தோல் பாவைகளைத் திரைக்குப் பின்னால் ஆட்டும் அந்தக் கூத்தில் கதை தொடங்குமுன் முனிவர் வருவார், பிறகு காளை மேல் ஈசுவன் வருவார். கோமாளிகள் வந்ததும் கூட்டம் உயிர்பெறும். தேசியக் கலைஞர் சுச்சார்ட் சப்சின் தம் வீட்டையே பாவை அருங்காட்சியகமாக்கி வைத்திருந்தார். அவர் 2015இல் காலமானார்.

எல்லாவற்றுக்கும் மேலாக என் மனத்தில் நிற்பது பத்தாம் மாதத் திருநாள். தாய் நாள்காட்டியின் பத்தாம் மாதத் தேய்பிறையில், இறந்தவர்கள் பசியோடு வீடு தேடி வருவதாக நம்பிக்கை. பெரும்பாலும் நம் மகாளய பட்சமும் அதே நாட்கள்தான். தெருவெல்லாம் பலகாரம் பொரியும். பொத்தல் போட்ட பாத்திரத்தில் மாவை வார்த்து, சூடான கல்லில் நூல் நூலாக இழைத்து மடிப்பார்கள்; அது கனோம் லா. அப்படி வருகிறவர்களின் வாய் ஊசித்துளை அளவுதானாம், அதில் நுழைய வேண்டுமென்றே இவ்வளவு மெல்லிசாம். அவர்கள் உடுத்தத் துணியும் அதுவே. காசுக்கு ஒரு பலகாரம், நகைக்கு ஒரு பலகாரம், கடல் கடக்கத் தெப்பமாக ஒன்று, விளையாடக்கூட ஒன்று. போனவர்களுக்கு விளையாட்டும் வேண்டும் என்று நினைத்த மக்களை எப்படி நேசிக்காமல் இருப்பது?

வீட்டுக்கார அம்மா ஒரு துண்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். “உங்கள் வீட்டில் போனவர்கள் பெயரை எழுதிக் கொடு பிள்ளை. பிக்குகள் ஓதி எரிப்பார்கள்.”

“எனக்குத் தாய் எழுத்து வராதே, அம்மா.”

“உன் எழுத்திலேயே எழுது. படிக்க வேண்டியவர் உன் அப்பாதானே.”

எழுதிக் கொடுத்தேன். ஊரின் மகாதாத் பௌத்தக் கோயிலில் மற்றவர்களின் பெயர்களோடு அதுவும் எரிந்தது. படையல் முடிந்ததும் பிள்ளைகள் பாய்ந்து பலகாரங்களைப் பறித்துக்கொண்டார்கள். அப்படிப் பறித்துத் தின்றால் புண்ணியமாம்.

போக விரும்புகிறவர்கள் மகாளய அமாவாசையை ஒட்டிப் போங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளெல்லாம் அந்த வாரம் ஊர் திரும்புவதால் ரயில் பெட்டிகள் நிரம்பி வழியும். சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.