ஆறுக்கு எத்தனை? ஐஸ் நடனமும் நடுவர் மார்க்கும்

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று சொல்வார்கள். கூடம் முழுக்கப் பனிக்கட்டியாக இருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? பிரிட்டனில் ஐடிவி நடத்திய 'டான்சிங் ஆன் ஐஸ்' நிகழ்ச்சி அப்படி ஒரு கூடத்தைத்தான் போட்டுக் கொடுத்தது. நடிகர், பாடகர், விளையாட்டு வீரர் என்று ஊருக்கே தெரிந்த முகங்களைப் பிடித்துப் பயிற்சி கொடுப்பார்கள். ஆளுக்கொரு தேர்ந்த ஸ்கேட்டரை ஜோடி சேர்த்து, நேரடி ஒளிபரப்பில் ஐஸ் மீது இறக்கி விடுவார்கள். ஆடி முடித்து மூச்சு வாங்க நிற்கும்போது நடுவர்கள் மார்க் போடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் போனில் ஓட்டுப் போடுவார்கள். அநேகமாக வாரம் ஒரு ஜோடி வெளியே போகும்.

2006 ஜனவரியில் தொடங்கி 2014 வரை ஒரு சுற்று, பிறகு 2018 முதல் 2025 வரை இன்னொரு சுற்று என்று இந்த நிகழ்ச்சி ஓடியது. இத்தனை வருடத்திலும் தீராத தகராறு ஒன்று உண்டென்றால் அது மார்க் தகராறுதான். நடுவர் நியாயமாகப் போட்டாரா? மக்கள் சரியான ஆளைத்தான் காப்பாற்றினார்களா? இதற்குப் பதில் தேடுவதற்கு முன், அந்த மார்க் எதை அளக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

ஆரம்பத்தில் ஐந்து நடுவர்கள், ஆளுக்கு 6 மார்க், மொத்தம் 30. பத்து இருக்கிறது, நூறு இருக்கிறது, அதை விட்டுவிட்டு ஏன் ஆறு? காரணம் பழைய ஸ்கேட்டிங் வழக்கம். அந்த விளையாட்டில் பல பத்தாண்டுகளாக 6.0 என்றால் குறையே இல்லாத ஆட்டம் என்று பொருள். 1984 பிப்ரவரி 14 அன்று சரயேவோ ஒலிம்பிக்கில் ஜேன் டார்வில், கிறிஸ்டோபர் டீன் ஜோடி ராவெலின் 'பொலேரோ' இசைக்கு ஆடியது. கலை நயத்துக்கு ஒன்பது நடுவர்களும் 6.0 கொடுத்தார்கள். தொழில் நுணுக்கத்துக்கு மேலும் மூன்று 6.0. ஆக மொத்தம் பன்னிரண்டு. அந்த டார்வில், டீன் இருவரும்தான் ஐடிவி நிகழ்ச்சியின் பயிற்சியாளர்கள். அவர்கள் இருக்கும் இடத்தில் ஆறுக்கு மார்க் போடாமல் வேறு எதற்குப் போடுவது!

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐடிவி ஆறைக் கையில் எடுத்த நேரத்தில், ஒலிம்பிக் அதைக் கைகழுவி விட்டிருந்தது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடி ஸ்கேட்டிங் தங்கம் ரஷ்ய ஜோடிக்குப் போனது. நடுவர்களுக்குள் பேரம் நடந்தது என்று பெரிய ரகளை கிளம்பியது. தனக்கு நெருக்கடி கொடுத்தார்கள் என்று பிரெஞ்சு நடுவர் சொன்னதாக விவகாரம் வெடிக்க, கடைசியில் கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் கொடுத்து முடித்தார்கள். அதன் பிறகு சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 6.0 முறையையே எடுத்துவிட்டுப் புதிய கணக்கைக் கொண்டுவந்தது. புதிய கணக்கோடு நடந்த முதல் ஒலிம்பிக் 2006 பிப்ரவரியில் டூரினில் நடந்தது. ஐடிவி நிகழ்ச்சி தொடங்கியது அதற்கு முந்தைய மாதம்.

பழைய முறைக்கும் புதிய முறைக்கும் என்ன வித்தியாசம்? பழைய முறையில் 5.8, 5.6 என்று போடும் எண்கள் வெளியே அளவு மாதிரி தெரிந்தாலும், உள்ளே அவை வெறும் வரிசைதான். ஒரு நடுவர் யாரை முதலில் வைத்தார், யாரை இரண்டாவதாக வைத்தார் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். இரண்டு பேருக்கும் இடையில் 0.1 வித்தியாசமா, 0.5 வித்தியாசமா என்பது பெரிய விஷயமில்லை. இதனால் முதலில் ஆடுபவர் பாடு திண்டாட்டம். எவ்வளவு நன்றாக ஆடினாலும், பின்னால் வருபவருக்கு இடம் விட்டு வைக்க வேண்டுமே என்று நடுவர் கையைக் கட்டிக்கொள்வார். புதிய முறையில் ஒவ்வொரு தாவலுக்கும், சுழற்சிக்கும், தூக்கலுக்கும் அடிப்படை மதிப்பு உண்டு. எவ்வளவு சுத்தமாகச் செய்தார்கள் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். விழுந்தால் மார்க் கழியும்.

இப்போது டி.வி. மேடைக்கு வருவோம். வாழ்க்கையில் முதல் முறையாக ஸ்கேட் மாட்டிய ஒருவரை ஒலிம்பிக் அளவுகோலால் அளந்தால் ஆறுக்கு அரை மார்க் கூடத் தேறாது. அப்படியானால் நடுவர் போடும் 3 மார்க் எதற்கு? போன வாரம் இருந்ததைவிடத் தேறியிருக்கிறார் என்பதற்கா? மற்றப் போட்டியாளர்களோடு ஒப்பிட்டா? பயத்தை மீறித் தலைகீழாகத் தொங்கினாரே, அந்தத் தைரியத்துக்கா? பழைய முறையின் இக்கட்டு இங்கேயும் அப்படியே இருக்கிறது. முதல் வாரமே 5.5 போட்டுவிட்டால் இறுதிச் சுற்றுக்கு என்ன மிச்சம் இருக்கும்? ஆகவே முதல் வாரங்களில் நடுவர் கஞ்சனாக இருப்பார், போகப் போக வள்ளல் ஆவார். ஆட்டம் முன்னேறியதா, நடுவரின் கை தாராளமானதா என்று பார்ப்பவருக்குப் பிரித்துச் சொல்ல முடியாது.

நடுவர்களும் ஒரே மாதிரிக் கண் உள்ளவர்கள் இல்லை. முதல் தொடரின் நடுவர் ராபின் கஸின்ஸ் 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். கேரன் பார்பர், நிக்கி ஸ்லேட்டர் இருவரும் ஒரு காலத்தில் ஜோடியாக ஆடியவர்கள். டார்வில், டீன் தங்கம் வாங்கிய அதே சரயேவோவில் ஆறாவது இடம் பிடித்தவர்கள். இவர்கள் கண் முதலில் காலைப் பார்க்கும். ஸ்கேட்டின் இரும்பு விளிம்பு சாய்ந்து ஓடுகிறதா, முழங்கால் மடிகிறதா, ஜோடி தள்ளிக்கொண்டு போகிறதா என்று கவனிக்கும். ஜேசன் கார்டினர் மேடை நடனத்திலிருந்து வந்தவர். அவர் கை, முகம், இசையோடு ஒட்டுதல் என்று பார்ப்பார். நாக்கும் கொஞ்சம் காரம். ஒரே ஆட்டத்துக்கு ஒருவர் 4, இன்னொருவர் 2.5 என்று போட்டால் இரண்டில் ஒன்று தவறு என்று சொல்லிவிட முடியாது. இருவரும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கலாம். கேள்வி என்ன என்று பார்ப்பவருக்குச் சொல்லாததுதான் குறை.

மக்கள் எழுதும் பரீட்சை வேறு. 2009 தொடரில் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' நடிகர் டாட் கார்ட்டி தடுமாறி, நிற்க முடியாமல், அப்படியே வழுக்கிக்கொண்டு வெளியேறும் வழிக்குள் போய் மறைந்தது இன்றைக்கும் பேசப்படும் காட்சி. நடுவர்கள் அவரை அடித்தளத்தில் வைத்தார்கள். மக்களோ ஓட்டுப் போட்டு அவரைச் சில வாரங்கள் காப்பாற்றினார்கள். மக்களுக்கு ரசனை இல்லை என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அந்த வருடம் கடைசியில் ஜெயித்தவர் ரே க்வின், நடுவர்களும் தலையில் தூக்கி வைத்த ஆட்டக்காரர். ஆக, நல்ல ஆட்டம் எது என்று மக்களுக்குத் தெரியாமல் இல்லை. விழுந்து எழுந்து சிரிக்கும் மனிதரையும் கொஞ்ச நாள் கூட வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான்.

நடுவர் மார்க்கும் மக்கள் ஓட்டும் சேர்ந்த கணக்கு எப்படிச் சிக்கலாகும் என்பதற்கு இதே ரக நிகழ்ச்சி ஒன்றில் நல்ல உதாரணம் உண்டு. பிபிசியின் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்' சாதாரணத் தரையில் நடக்கும் போட்டி. 2008 அரையிறுதியில் மூன்று ஜோடிகள். முதலிடத்துக்கு 3 புள்ளி, கடைசிக்கு 1 என்று கணக்கு. நடுவர்களிடம் இரண்டு ஜோடிகள் சமமாக முதலிடம் பிடிக்க, இரண்டுக்கும் 3 புள்ளி. மூன்றாவதான டாம் சேம்பர்ஸ் ஜோடிக்கு 1. மக்கள் அவரை முதலிடத்தில் வைத்தாலும் 1+3=4. மற்ற இரண்டு ஜோடிகளுக்கும் குறைந்தபட்சமே 5, 4 வந்துவிடும். எப்படிப் போட்டாலும் டாம் கடைசி இருவரில் ஒருவர்தான்! ஓட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இது தெரியவந்தது. அவரைக் காப்பாற்ற நினைத்துப் போன் செய்தவர்களின் காசு வீண் அல்லவா? பிபிசி அன்று யாரையும் வெளியேற்றாமல் மூன்று ஜோடிகளையும் இறுதிக்கு அனுப்பி, ஓட்டுகளையும் அங்கே சேர்த்துக்கொண்டது. இறுதியில் ஜெயித்தது அந்த டாம் சேம்பர்ஸ்தான்.

ஐஸ் நிகழ்ச்சியில் இந்த இழுபறிக்கு ஒரு சமரசம் வைத்திருந்தார்கள். கடைசி இரண்டு ஜோடிகளும் மறுபடி ஆட வேண்டும். அப்போது மார்க் கிடையாது. யாரைக் காப்பாற்றுகிறேன் என்று ஒவ்வொரு நடுவரும் பெயர் சொல்ல வேண்டும். அதாவது, ஆபத்துப் பகுதிக்கு அனுப்புவதில் மக்களுக்குப் பங்கு உண்டு, வெளியே அனுப்பும் பழி மட்டும் நடுவர் தலையில். எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாத இடம் இது ஒன்றுதான்.

பிறகு மார்க் பத்துக்கு என்று மாறியது. 2018-இல் டார்வில், டீன் இருவரும் நடுவர் நாற்காலிக்கே வந்துவிட, நாலு பேர், மொத்தம் 40 என்று ஆனது. எண் பெரிதானதே தவிர, எதற்கு எவ்வளவு என்ற விவரம் வரவில்லை. பள்ளிக்கூட விடைத்தாளில் கூட ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் மார்க் எழுதுகிறார்கள். ஸ்கேட்டிங்குக்கு இவ்வளவு, நடனத்துக்கு இவ்வளவு, போன வாரத்திலிருந்து வந்த முன்னேற்றத்துக்கு இவ்வளவு என்று மூன்றாகப் பிரித்துப் போட்டிருந்தால் பாதி சண்டை குறைந்திருக்கும். உடம்பெல்லாம் காயத்தோடு வாரக்கணக்கில் பயிற்சி எடுத்து வந்து நிற்பவருக்கு, தனக்கு எதில் குறைந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அடுத்த வாரம் எதைத் திருத்த வேண்டும் என்றாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.