மூன்று மணிக்கு எழுப்பும் பெட்டி

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்)

ரப்பர் மரத்தை விடியுமுன் வெட்ட வேண்டும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகிறது, பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களின் அழுத்தம் குறைகிறது, பாலும் குறைகிறது. தாவரவியல் நண்பர்களுக்கு இது பாடம். களியக்காவிளையில் எங்கள் வீட்டுக்கு இதுதான் சோறு.

என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. முந்நூறு மரம், ஒன்றுவிட்ட ஒருநாள் வெட்டு. மூன்று மணிக்கு எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். சில வருடங்களாக அவருக்குக் காது மந்தம். அம்மா இல்லாத வீட்டில் அவரைத் தொட்டு எழுப்பும் வேலை அக்காவுடையதாக இருந்தது. அக்கா மணமாகிப் பாறசாலைக்குப் போய்விட்டாள். நான் விடுதியில் இருக்கிறேன். கைபேசி இல்லையா என்று கேட்பீர்கள். அப்பாவிடம் இருப்பது பழைய பொத்தான் கைபேசி. அதன் அதிர்வு, தலையணைக்கு அடியில் வண்டு முனகுவது போலத்தான் இருக்கும்.

ஆகவே ஆகஸ்டு கடைசியில் நானே ஒரு பெட்டி செய்தேன். உள்ளே ஏ.டி.மெகா 328 என்னும் மைக்ரோகன்ட்ரோலர், டி.எஸ். 3231 என்னும் கடிகாரச் சில்லு, பழைய விளையாட்டுக் கருவி ஒன்றிலிருந்து கழற்றிய அதிர்வு மோட்டார். பத்மநாபபுரம் அரண்மனைக் கடிகாரம் எடைகள் கீழே இறங்குவதால் ஓடுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். இந்தச் சில்லில் எடைக்குப் பதிலாக ஒரு படிகம். அது வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். அதுவே ஒரு வினாடி. வெப்பம் மாறினால் படிகம் தடுமாறும். இந்தச் சில்லோ தன் வெப்பநிலையைத் தானே அளந்து திருத்திக்கொள்கிறது. ஆண்டு முழுவதும் ஓடினாலும் ஒரு நிமிட அளவுக்கே பிசகும். மற்ற மின்சாரம் நின்றுபோனாலும் பொத்தான் அளவு மின்கலத்தில் நேரத்தைக் காத்துக்கொண்டிருக்கும்.

இதில் இரண்டு அலாரங்கள் உண்டு. நாம் எழுதிவைத்த தேதியும் நேரமும் ஓடும் நேரத்தோடு ஒத்துப்போகும் கணத்தில் ஒரு கால் தாழ்நிலைக்கு இறங்கும். அதுவரை உறங்கிக்கொண்டிருந்த மைக்ரோகன்ட்ரோலர் அந்தச் சைகையில் விழித்து மோட்டாரை ஓட்டும். அலாரம் அடித்ததற்கான கொடியை நாமே அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் அந்தக் கால் தாழ்ந்தே கிடக்கும், மறுமுறை எழுப்பாது. இதை விடுதி மேசையிலேயே ஓர் இரவு கெட்டுக் கற்றுக்கொண்டேன்.

"ஒன்றுவிட்ட ஒருநாள்" என்று சொன்னால் சில்லுக்குப் புரியாது. தினமும், கிழமைதோறும், குறித்த தேதியில் என்றால்தான் புரியும். ஆகவே ஒவ்வொரு முறை எழுப்பியதும் அன்றைய தேதியோடு இரண்டைக் கூட்டி அடுத்த அலாரத்தை எழுதும்படி இருபது வரி நிரல் எழுதினேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட. செப்டம்பர் 1-இல் தொடங்கியது. 3, 5, 7 என்று பதினைந்து விடியல்கள் பிசகில்லை. மழை நாளிலும் எழுப்பியது. அதற்கு மழை தெரியாதல்லவா?

காந்தி ஜெயந்தி விடுமுறைக்காக அக்டோபர் 1 மாலை ஊருக்குப் போனேன். சந்திப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பக்கத்து வீட்டு மாமா பிடித்துக்கொண்டார். "அப்பனுக்கு வயசாயிட்டுடே. இண்ணைக்கு வெட்டுக்குப் பிந்திட்டாரு. சூப்பர்வைசர் வேற ஆளை ஏத்திட்டான்" என்றார். அன்றைய கூலி போயிற்று. இன்னொரு தடவை பிந்தினால் முந்நூறு மரமும் கைவிட்டுப் போகுமாம்.

வீட்டில் அப்பா கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். பெட்டி அடிக்கவில்லையா என்று கேட்டேன். "அது அடிச்சிருக்கும், நான்தான் ஒறங்கிப் போனேன்" என்றார். தோட்டத்திலும் அப்படியே சொல்லியிருக்கிறார்.

பெட்டியைத் திறந்து கம்பியை இணைத்து, அலாரத்தில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தேன். தேதி: 31. செப்டம்பர் 29-உடன் இரண்டைக் கூட்டினால் வேறென்ன வரும்? அலாரம் அக்டோபர் 31-க்காகக் காத்துக்கொண்டிருந்தது. செப்டம்பருக்கு முப்பது நாள் என்று அந்தச் சில்லுக்கு நன்றாகத் தெரியும். லீப் வருடம்கூடத் தெரியும். இரவு பன்னிரண்டு மணிக்கு அது சரியாகவே அக்டோபருக்குள் நுழைந்திருந்தது. மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவனுக்குத்தான் தெரியவில்லை.

"அடிக்கலப்பா. தப்பு எனக்கதுதான்" என்று அவர் காதருகே சத்தமாகச் சொன்னேன். மாதக் கணக்கை எப்படித் திருத்துவேன் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"என்னத்துக்கு மக்களே இந்தக் கணக்கு? எல்லா நாளும் எழுப்பச் சொல்லு. வெட்டு இல்லாத நாளு நான் திரும்பிக் கெடந்துக்கிடுவேன்."

இருபது வரிகளையும் அன்றிரவே அழித்தேன். மணி மூன்று, நிமிடம் சுழி. தேதி எதுவானாலும் சரி. அலாரம் அவ்வளவுதான். மறுநாள் அவருக்கு வெட்டு இல்லை. மூன்று மணிக்குத் தலையணைக்கு அடியில் பெட்டி குலுங்கியது. அவர் கையை நீட்டி அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்ததை நான் விழித்திருந்து பார்த்தேன்.